வடிகட்டிய தண்ணீரும் வடிகட்டிய மூடத்தனமும்

நமது மக்களுக்கு வியாதி வந்தால் அதற்குக் காரணம் தேடுகின்ற வழக்கம் கிடையாது. காரணம் என்பது முன்னமேயே தயாராய் இருக்கின்றது. தலையெழுத்து என்பார்கள், பூர்வ ஜன்மத்துப் பாவம் என்பார்கள், தெய்வக் குற்றம் என்பார்கள். இம்மூன்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் யோசிக்கவேண்டிய வேலை இல்லை. வியாதிக்காரனுக்கும் இல்லை, அவன் குடியிருக்கும் ஊராருக்கும் இல்லை, அவனிடம் வரி வாங்கும் சர்க்காருக்கும் இல்லை. வேலையும் வரும்படியும் உண்டாவது பூசாரி ஒருவனுக்கு மாத்திரமேயாகும்.

இப்படிப்பட்ட தலையெழுத்துக்காரர்களுக்கு ஒரு வியாதியின் சரித்திரத்தைச் சொல்ல ஆசைப்படுகிறோம். அவ்வியாதியைத் தடுக்க இன்றைய தினம் வரையில் தடுப்பூசி கிடையாது. வந்த பின் தீர்க்க மருந்தும் கிடையாது. ஒரு தடவை வந்தவனுக்கு மறுதடவை வராது என்கின்ற பந்தோபஸ்தும் கிடையாது. அப்படியிருந்தும் அது இந்தியாவை விட்டு ஒழிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எந்தச் சாமி ஒழித்தது? எந்த யாகம் ஒழித்தது? ஒரு முழத் துணியும், அந்தத் துணியைக் குடத்தின் வாயில் எதற்காகக் கட்டவேண்டும் என்று வீடுவீடாய் எடுத்துச் சொன்ன மனிதர்களும் ஒழித்தார்கள். அவ்வியாதிக்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். தமிழில் இதற்கென்று ஒரு பெயர் இருப்பதே நம் பாட்டன் பூட்டன்மார் இதனால் அவதிப்பட்டதற்குச் சாட்சியாகும். வடக்கே ராஜஸ்தானத்தில் இதை நாரு என்பார்கள்.

இவ்வியாதி எப்படிப்பட்டது என்று இக்காலத்து வாலிபர்களுக்குத் தெரியாது. முதலில் காலில் ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பை வைத்ததுபோல் எரியும். கொப்புளம் உடைந்தால் அதற்குள்ளிருந்து வெள்ளை நூலைப்போல் ஒரு புழு தலைநீட்டும். அது 60 முதல் 100 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பிடித்து இழுத்துவிடலாம் என்றால் அறுந்துபோகும். அறுந்தால் உள்ளே இருக்கும் பாகம் சீழ்பிடிக்கும். ஆகையால் ஒரு குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் வீதம், வாரக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் குடியானவன் இப்படிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? ஆப்பிரிக்காவிலே மாலி தேசத்தில் ஒரு ஜாதியார் இதற்கு வைத்திருக்கும் பெயரே காலிக் களஞ்சியத்து நோய் என்று பொருள்படுவதாகச் சொல்லுகிறார்கள். பெயர் வைத்தவன் பட்டினி கிடந்து பார்த்தவன் என்பதில் சந்தேகமில்லை.

இந்தப் புழு எங்கிருந்து வந்தது? குளத்துத் தண்ணீரிலும் படிக்கிணற்றுத் தண்ணீரிலும் சைக்ளாப்ஸ் என்று ஒரு சிறு பூச்சி உண்டு. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும். கண்ணுக்கு ஒரு தூசியாகத்தான் தெரியும். நரம்புச் சிலந்தியின் குஞ்சை இந்தப் பூச்சி விழுங்குகின்றது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அக்குஞ்சு பூச்சிக்குள்ளேயே முற்றுகின்றது. அப்பூச்சியைத் தண்ணீரோடு மனிதன் குடிக்கின்றான். வயிற்றில் பூச்சி செத்துப்போக, புழுக்குஞ்சு குடலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடுகின்றது. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து, ஆண் மாண்டு, பெண் புழு மாத்திரம் வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலின் வழியாக வெளியே வருகின்றது. எரிச்சல் தாங்காமல் மனிதன் என்ன செய்கின்றான்? குளத்தில் இறங்கிக் காலை நனைக்கின்றான். தண்ணீர் பட்டதுதான் தாமதம்; புழு லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கக்கிவிடுகின்றது. அவைகளைப் பூச்சி விழுங்க, பூச்சியை ஊரார் விழுங்க, அடுத்த வருஷம் ஊர் முழுவதும் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகின்றது.

தோழர்களே! இதில் கவனிக்கவேண்டிய விஷயம் அந்த ஒரு வருஷ இடைவெளியேயாகும். நெருப்பைத் தொட்டால் உடனே சுடுகின்றது. ஆகவே நெருப்பு சுடுவதற்குப் பூர்வ ஜன்மத்தைக் காரணம் சொல்ல எந்தப் புரோகிதனும் துணிவதில்லை. ஆனால் போன சித்திரையில் குடித்த தண்ணீர் இந்தச் சித்திரையில் காலைப் பொத்துக்கொண்டு வருகின்றது என்றால் படிக்காத குடியானவன் இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவான்? அவன் நேற்று என்ன செய்தோம், முந்தாநாள் யாரோடு சண்டை போட்டோம், எந்தக் கோவிலுக்குப் படையல் போட மறந்தோம் என்றுதான் எண்ணுவான். காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவில் காலம் நீண்டுவிட்டால் அந்தக் காலி இடத்தில் பூசாரி வந்து குடிசை போட்டுக்கொள்ளுகின்றான். அது அவனுக்கு வரியில்லாத மானியம். மனிதன் அறியாத இடைவெளி எவ்வளவோ அவ்வளவும் அவனுக்குச் சாகுபடி நிலம்.

இதை ஒரு மதத்தின் மீது மாத்திரம் வைத்து நாம் சொல்லவில்லை. பைபிளில் இஸ்ரவேலர்களைத் தண்டிப்பதற்காகக் கர்த்தர் அனுப்பினதாகச் சொல்லப்படும் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் இந்தப் புழுவாகத்தான் இருக்கவேண்டும் என்று சில ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணுகிறார்கள். இந்தப் புழுவுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரில் மெதீனா நகரத்தின் பெயர் சேர்ந்திருக்கின்றது. எகிப்து தேசத்தில் பதனம் செய்யப்பட்ட ஒரு பழைய பிணத்துக்குள்ளும் சுண்ணாம்பாய் உறைந்துபோன இதே புழு அகப்பட்டிருக்கின்றது. நமது நாட்டிலோ முப்பத்து முக்கோடி தேவர்களும் காவலிருந்தார்கள். ஆகவே யெகோவாவின் ஜனங்களையும், அல்லாவின் ஜனங்களையும், எகிப்து தேவதைகளின் ஜனங்களையும், நம் ஜனங்களையும் புழு ஒரே மாதிரியாகத்தான் துளைத்தது. பேதம் பாராட்டாத ஒரே பிராணி அதுதான் போலும்!

நிற்க. இந்த மர்மத்தின் முடிச்சை அவிழ்த்தவர் ருஷியா தேசத்து அலெக்ஸி ஃபெட்சென்கோ என்னும் இயற்கை ஆராய்ச்சிக்காரர். 1870-ஆம் ஆண்டில் துருக்கிஸ்தானத்தில் அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, புழுவின் குஞ்சு தண்ணீர்ப் பூச்சிக்குள் வளருகின்றது என்று கண்டார். அன்றைக்கே வழி தெரிந்துவிட்டது. பூச்சியை விழுங்காதே, புழு வெளிவந்த காலைக் குளத்தில் வைக்காதே. இவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஊர் ஊராய்ச் சொல்லுவதற்கு என்ன செலவு பிடிக்கும்? ஆனால் இந்தியாவில் தேசம் முழுவதற்குமான ஒழிப்பு வேலை துவங்கினது 1980-க்குப் பிறகேயாகும். நூறு வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு வாக்கியங்களும் புத்தகத்துக்குள்ளேயே தூங்கின. ஏனென்றால் இது பங்களாவாசிக்கு வரும் வியாதியல்ல. சொந்தக் கிணற்றில் ராட்டினம் போட்டு இறைத்துக் குடிப்பவன் காலில் இந்தப் புழு வருவதில்லை. குட்டைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிக்கவேண்டிய தலைவிதியை யாருக்கு உண்டாக்கி வைத்தார்களோ அவர்களுக்குத்தான் வந்தது. ஏழையின் காலில் வரும் வியாதி படித்தவன் கண்ணில் படுவதற்கு நூறு வருஷம் ஆகின்றது என்பதுதான் இதனால் விளங்கும் நீதி.

1983-84-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தைத் துவக்கிற்று. அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 40,000 பேர் ராஜஸ்தானம், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் முதலிய இடங்களில் இதனால் கஷ்டப்பட்டுக் கொண்டிருந்தார்கள். என்ன செய்தார்கள்? வியாதிக்காரர் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று வீடு வீடாய்ப் போய்த் தேடினார்கள். ஜனங்கள் இறங்கி மொள்ளும் படிக்கிணறுகளை, மேலே நின்று இறைக்கும் கிணறுகளாய் மாற்றினார்கள். அடிகுழாய் போட்டார்கள். தண்ணீர்ப் பூச்சியைக் கொல்லும் மருந்தை அளவோடு குளத்தில் விட்டார்கள். குடத்தின் வாயில் கட்ட நெருக்கமாய் நெய்த துணி கொடுத்தார்கள். காலில் புழு வந்தவன் தண்ணீரில் இறங்காதபடி புண்ணுக்குக் கட்டுப்போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னது செய் என்று உத்திரவு போட்டதோடு நில்லாமல், ஏன் செய்யவேண்டும் என்று விளங்கச் சொன்னார்கள். 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜஸ்தானத்தில் ஜோத்பூர் ஜில்லாவில் கடைசி வியாதிக்காரரைக் கண்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்கு அத்தாட்சி கொடுத்தது.

இங்கே வைதீகர்கள் குறுக்கே வந்து ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவேண்டும் என்று எங்கள் மநு அன்றைக்கே சொல்லியிருக்கிறாரே! வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்ன?" என்று கேட்பார்கள். வாஸ்தவம். மநுதர்மத்தில் ஆறாம் அத்தியாயத்தில் அப்படி இருக்கின்றது. ஆனால் யாருக்குச் சொல்லியிருக்கின்றது? சந்நியாசிக்குச் சொல்லியிருக்கின்றது. எதற்காக? பூச்சியைக் கொன்ற பாவம் சந்நியாசிக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக. பூச்சியைக் கொல்லாமல் காப்பாற்றச் சொன்ன சாஸ்திரம், பூச்சி மனிதனைக் கெடுப்பதைப்பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லிற்றா? காலில் புழு உள்ளவன் குளத்தில் இறங்கக்கூடாது என்று சொல்லிற்றா? இன்ன ஜாதியான் இறங்கக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, இன்ன புண்ணுள்ளவன் இறங்கக்கூடாது என்று சொல்லத் தெரியவில்லை! ஈராயிரம் வருஷம் சாஸ்திரம் இருந்தது, புழுவும் இருந்தது. காரணத்தைச் சொல்லிச் செய்யச் சொன்னவுடன் பதின்மூன்று வருஷத்தில் புழு ஓடிப்போயிற்று. காரணம் சொல்லாத கட்டளை சடங்காகத்தான் முடியும். சடங்கைச் செய்பவன் துணியில் பொத்தல் இருந்தாலும் கட்டிவிட்டுத் திருப்தி அடைவான். காரணம் தெரிந்தவன் பொத்தலைத் தைத்துவிட்டுக் கட்டுவான். வித்தியாசம் இதுதான்.

அன்றியும் தண்ணீரின் சுத்தம் என்றால் இந்த நாட்டு வைதீகர்கள் எதை எண்ணி வந்தார்கள் என்பதற்குக் கண்கண்ட உதாரணம் வேறு இருக்கின்றது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் தேதி பம்பாய் மாகாணத்திலே மகாத் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தீண்டப்படாதார் என்பவர்களை அழைத்துக்கொண்டு சவுதார் குளத்துக்குப் போய், தாமும் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார்; அவர்களும் குடித்தார்கள். அது பொதுக்குளம். மாடு குடித்தது; மற்ற மதக்காரர் குடித்தார்கள். ஆனால் இவர்கள் குடித்ததும் குளம் தீட்டாய்விட்டது என்று கூச்சல் போட்டு, பிறகு அதைச் சுத்தம் செய்தார்கள். எதைக் கொண்டு சுத்தம் செய்தார்கள்? பாலும், தயிரும், மாட்டுச் சாணியும், மாட்டு மூத்திரமும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டிச் சுத்தம் செய்தார்கள்! மனிதன் கை பட்டால் தண்ணீர் அசுத்தம். சாணியைக் கொட்டினால் தண்ணீர் சுத்தம். இப்படிப்பட்ட மூளைக்கு வடிகட்டிய மூடத்தனம் என்று பெயர் சொல்லாமல் வேறு என்ன பெயர் சொல்லுவது? இந்த மந்திர சுத்தத்தை நம்பின நாட்டில் கிருமி சுத்தத்தைப்பற்றிச் சொல்லுவதற்கு எவ்வளவு பாடுபடவேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

மற்ற தேசங்களையும் பார்ப்போம். 1986-ஆம் ஆண்டில் உலகத்தில் 21 தேசங்களில் வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு நரம்புச் சிலந்தி கண்டது. அமெரிக்காவில் ஜனாதிபதியாயிருந்த ஜிம்மி கார்ட்டரின் ஸ்தாபனம் அந்த வருஷம் முதல் இவ்வேலையை எடுத்துக்கொண்டது. 1995-ஆம் ஆண்டில் சூடான் தேசத்தில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, இந்த வேலை நடப்பதற்காக இரு கட்சியாரும் ஏறக்குறைய ஆறு மாதம் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். ஆடுமாடு மேய்த்துக்கொண்டு அலைகிறவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, வலை வைத்த உறிஞ்சு குழாய் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வியாதிக்காரரைக் கொண்டிருந்த நைஜீரியா தேசம் 2013-இல் விடுபட்டதாக அத்தாட்சி பெற்றது. 2024-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 15 பேருக்கு மாத்திரமே இவ்வியாதி கண்டது. 35 லட்சம் எங்கே, 15 எங்கே!

இன்னும் முழுவதும் ஒழியவில்லையே என்று கேட்கலாம். ஒழியாததற்குக் காரணமும் கண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சாட் என்னும் தேசத்தில் 2012 முதல் நாய்களின் உடம்பில் இதே புழு வருவதைக் கண்டார்கள். உடனே வேலையை மாற்றிக்கொண்டார்கள். புழு வந்த நாயைக் கட்டிப்போடு, மீன் குடலைப் புதைத்துவிடு, மீனை நன்றாய் வேகவைத்துத் தின்னு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். புது விஷயம் தெரிந்ததும் பழைய வழியைத் திருத்திக்கொள்ளுவதுதான் அறிவின் லட்சணம். சாஸ்திரமோ திருத்தக் கூடாததாம். அதுதான் அதன் பெருமையாம்!

இப்பொழுது நம் சொந்த வீட்டுக்கு வருவோம். நரம்புச் சிலந்தி போய்விட்டது. யானைக்கால் போய்விட்டதா? 1877-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் இருந்த டாக்டர் பாட்ரிக் மான்சன் யானைக்கால் புழு கொசுவின் உடம்பில் வளருவதைக் கண்டார். சாக்கடைத் தண்ணீரில் உண்டாகும் கொசு, வியாதிக்காரனைக் கடித்து மற்றவனைக் கடிப்பதனால் அது பரவுகின்றது. இங்கேயும் அதே இடைவெளிதான். ஆனால் இன்னும் நீளம். குழந்தைப் பருவத்தில் புகுந்த புழு, காலை வீங்கச் செய்வது வாலிபம் வந்த பிறகாய் இருக்கும். ஒரு வருஷ இடைவெளியிலேயே குடிசை போட்ட பூசாரிக்கு, பத்திருபது வருஷ இடைவெளி கிடைத்தால் மாளிகை கட்டமாட்டானா? அதனால்தான் அக்குடும்பத்தையே சாபம் பிடித்த குடும்பம் என்கிறார்கள். பரம்பரை வியாதி என்று சொல்லிப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுக்கிறார்கள். இது பரம்பரை வியாதியே அல்ல. ஒரே வீட்டில் பலருக்கு வருவது ஒரே சாக்கடையின் கொசு எல்லோரையும் கடிப்பதனாலாகும். பத்துப் பொருத்தம் பார்க்கின்ற ஜோசியனுக்கு வாசல் சாக்கடை கண்ணில் படாமல் போவதேன்?

இந்த வியாதிக்கு மருந்து இருக்கின்றது. டைஎத்தில்கார்பமசீன் என்னும் அம்மருந்தைக் கண்டவர்களில் முக்கியமானவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ். 1947-இல் அது வெளிவந்தது. அதையும் வேறு மாத்திரைகளையும் சேர்த்து வியாதி உள்ள ஜில்லாக்களில் சர்க்கார் சிப்பந்திகள் வீடுவீடாய்க் கொண்டுவந்து இலவசமாய்க் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், கடும் வியாதிக்காரர்களையும் தவிர எல்லோரும் விழுங்கவேண்டும். ஆனால் பல இடங்களில் நடப்பதென்ன? வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளுகிறார்கள், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுகிறார்கள், விழுங்குவதில்லை. "எனக்குத்தான் கால் நன்றாய் இருக்கிறதே, எனக்கெதற்கு?" என்கிறார்கள். கால் நன்றாய் இருக்கின்றவன் ரத்தத்திலும் புழுக்குஞ்சு இருக்கலாம். அது ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகமாய் உலாவும். அதனால்தான் சோதனைக்கு ராத்திரியில் ரத்தம் எடுக்கிறார்கள். அவன் விழுங்காவிட்டால் அவனைக் கடித்த கொசு அவன் பிள்ளையைக் கடிக்கும். பெரிய புழு ஆறு வருஷம், எட்டு வருஷம் உயிரோடிருந்து குஞ்சு பொரிப்பதால்தான் மாத்திரையை வருஷா வருஷம் விழுங்கச் சொல்லுகிறார்கள்.

"விழுங்கினவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம், தலை சுற்றிற்றாம், இது மலடாக்குகிற மருந்தாம்" என்று ஒரு புரளி கிளம்புகின்றது. மலடாக்கும் என்பது முழுப்பொய். காய்ச்சலும் தலைசுற்றலும் சிலருக்கு வருவது நிஜம். ஓரிரு நாளில் அது போய்விடும். பெரும்பாலும் அது வருவது எதனால்? உடம்பிலிருக்கும் புழுக்குஞ்சுகள் சாகின்றதனால் வருகின்றது. அதாவது மருந்து வேலை செய்கின்றது என்பதற்கும், அவனுக்கு மருந்து தேவையாய் இருந்தது என்பதற்கும் அதுவே அத்தாட்சி. இதை முன்னாலேயே சொல்லிக் கொடுத்தால் யார் பயப்படுவார்கள்? சொல்லாமல் மாத்திரையை மாத்திரம் கொடுத்தால் யார் பயப்படமாட்டார்கள்? ஆகவே குற்றத்தைப் பாமர ஜனங்களின் தலையில் மாத்திரம் போட நாம் சம்மதிக்கமாட்டோம். கொடுத்த மாத்திரையின் கணக்கை விழுங்கின மாத்திரையின் கணக்காய் எழுதிக்கொண்டு திருப்திப்படுகின்ற உத்தியோகஸ்தர்கள் எங்கெங்கே உண்டோ அங்கங்கே அவர்களுடைய கணக்கும் ஒரு மூடநம்பிக்கைதான். அண்டையிலுள்ள இலங்கை 2016-இலும், பங்களாதேசம் 2023-இலும் யானைக்காலை ஒழித்ததாக அத்தாட்சி பெற்றுவிட்டன. இந்திய சர்க்கார் 2027-ஐக் கெடுவாக வைத்திருக்கின்றது. புத்தர் இலங்கைக்கும் அல்லா பங்களாதேசத்துக்கும் உதவி செய்து, நமது தேவர்கள் மாத்திரம் சும்மா இருந்துவிட்டார்களா? அங்கே ஜனங்கள் மாத்திரையை விழுங்கினார்கள். இவ்வளவுதான் ரகசியம்.

கடைசியாய், சுகாதாரப் போதனை என்ற பெயரால் நடக்கும் ஒரு மோசத்தையும் வெளிப்படுத்தவேண்டியிருக்கின்றது. கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. மலம் கலந்த ஈரமண்ணில் அதன் குஞ்சு இருக்கும். வெறுங்காலோடு மிதிப்பவன் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். ஆள் வெளுத்து, சோகை பிடித்து, மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவான். அமெரிக்காவின் தென்பாகத்தில் 1902-ஆம் ஆண்டில் டாக்டர் ஸ்டைல்ஸ் இதை எடுத்துக் காட்டியபோது பத்திரிகைகள் இதற்குச் சோம்பேறிக் கிருமி என்று பெயர் கொடுத்தன. அதாவது அதுவரையில் சோம்பேறி ஜனங்கள் என்று திட்டப்பட்டவர்கள் ரத்தமில்லாத ஜனங்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. நம் நாட்டில் பண்ணையாள் சோம்பேறி, தோட்டக் கூலி சோம்பேறி என்று எத்தனை மிராசுதார்கள், எத்தனை துரைமார்கள் சவுக்கெடுத்தார்கள்! அவன் குடலில் தொங்கிக் கொண்டிருந்த புழுவை யார் எண்ணினார்கள்?

இந்த வியாதியைத் தடுக்க வழி என்ன? செருப்புப் போடு, கக்கூஸ் கட்டு என்று சுவரில் எழுதி வைக்கிறார்கள். நல்ல உபதேசம்தான். ஆனால் நமது கிராமங்களில் தாழ்த்தப்பட்ட தோழன் மேல்ஜாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவர்கள் யார்? செருப்பைத் தைத்துக் கொடுப்பவனுக்கே செருப்புப் போட உரிமை இல்லாமல் செய்தது எந்தக் கிருமி? ஜாதிக் கிருமியல்லவா? ஒரு பக்கம் ஊர்க்கட்டுப்பாடு செருப்பைக் கழற்று என்கின்றது. மறுபக்கம் சுகாதாரச் சுவரெழுத்து செருப்பை மாட்டு என்கின்றது. இரண்டுக்கும் நடுவில் புழு சுகமாய்க் காலுக்குள் போகின்றது. ஆகவே ஜாதியைத் தொடாமல் சுகாதாரம் பேசுகிறவர்கள் பாதி வைத்தியர்களேயாவார்கள். அதேபோல் தண்ணீர்க் குழாய் போடாமல் கையைக் கழுவு என்பதும், ஒண்ட இடமில்லாதவனைப் பார்த்துக் கக்கூஸ் கட்டு என்பதும் போதனையாகாது; பரிகாசமாகும். நரம்புச் சிலந்தி ஒழிந்ததற்குக் காரணம் போதனையும் கிணறும் கைகோத்துப் போனதுதான். கிணறு மாத்திரம் வந்து போதனை வராத இடத்தில் ஜனங்கள் பழைய குட்டைக்கே போவார்கள். போதனை மாத்திரம் வந்து கிணறு வராத இடத்தில் ஜனங்கள் போதனையையே வெறுப்பார்கள்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது என்னவென்றால், மாத்திரை வந்தால் கொண்டுவந்தவர் எதிரிலேயே விழுங்குங்கள்; எதற்கென்று கேட்டு விழுங்குங்கள்; சொல்லத் தெரியாதவரைத் தெரிந்தவரை அழைத்துவரச் சொல்லுங்கள். கால் வீங்கினவர்களை ஒதுக்காதீர்கள். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரமில்லாமல் துடைத்து வைத்தால் அவர்களுடைய அவதி பெரும்பாகம் குறையும். விரைவீக்கத்துக்கு ஆபரேஷன் இருக்கின்றது. சாக்கடையைத் திறந்து போட்டிருக்கும் பஞ்சாயத்தாரையும், குழாய் போடாத முனிசிபாலிட்டியாரையும் ஓட்டுக் கேட்க வரும்போது வாசலில் நிறுத்திக் கேளுங்கள். ஊர்ச் சத்திரத்திலும், பள்ளிக்கூடத்திலும், டீக்கடையிலும் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குட்டைத் தண்ணீரில் என்ன நெளிகின்றது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளை ஆயுள் முழுவதும் எந்தப் பூசாரியிடமும் அதைப்பற்றிச் சந்தேகம் கேட்கப் போகமாட்டான்.

மனிதன் காலை விட்டுப் புழு போவதற்கு அவன் மூளையை விட்டுத் தலைவிதி போகவேண்டும். முதற்காரியம் எப்படி நடந்தது என்பதை மேலே காட்டிவிட்டோம். இரண்டாவது காரியத்தைச் செய்துகொள்ளவேண்டிய பொறுப்பு மக்களுடையதேயாகும் என்பதைச் சொல்லி இதை முடிக்கிறோம்.